எழ மறுக்கும் காவல் பெட்டி

கோடைக்காலத்தில் காட்டுத் தீ பரவாமல் தடுப்பதற்காக, புல்லையும் சருகையும் புதரையும் அகற்றி வெற்று நிலமாக விடப்படும் நீண்ட பட்டையைத் தீத்தடுப்புக் கோடு என்று வனத்துறையினர் அழைக்கிறார்கள்; 2024ஆம் ஆண்டுக் கோடையில் கொடைக்கானல் மேல்மலை ஊர்களான பூம்பாறையையும் மன்னவனூரையும் ஒட்டிய காடுகள் பல நாட்கள் எரிந்தபோது, அந்தக் கோடு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது மேல்மலை மக்கள் அனைவருக்கும் கண்கூடாகத் தெரிந்தது. கணினி வலையமைப்புகளில் ஃபயர்வால் என்று வழங்கும் தீயரணும் பெயரளவில் இதற்கு உறவுடையதே. ஆயினும் காட்டிலுள்ள கோடு எதையும் பார்த்து அனுப்புவதில்லை. தீயரணோ வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் நிறுத்தி, அது எங்கிருந்து வருகிறது, எந்த வாயிலைத் தட்டுகிறது, உள்ளிருந்து யாரேனும் கேட்டதற்கு விடையாக வருகிறதா என்று சோதித்த பிறகே வழிவிடுகிறது. ஒரு வகையில் இது மலையடிவாரச் சோதனைச் சாவடியின் வேலை. சாவடியைப் போலவே இதற்கும் ஒரு குணம் உண்டு: அது இயங்காமல் நின்றுவிட்டால் சாலை திறந்துகொள்வதில்லை, போக்குவரத்து முழுவதும் நின்றுவிடுகிறது.

பெரிய நிறுவனங்கள் இதற்கென விலையுயர்ந்த கருவிகளை வாங்குகின்றன. சிறிய அலுவலகங்களும் விடுதிகளும் பள்ளிகளும் உள்ளங்கையை விடச் சற்றே பெரிய, மின்விசிறி இல்லாத, சில வாட் மின்சாரத்தில் ஓடும் சிறு கணினிப் பெட்டியில் இலவசத் தீயரண் மென்பொருளை நிறுவிக்கொள்கின்றன. இந்த வழக்கத்தைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் மானுவேல் காஸ்பர். 2003இல் அவர் வெளியிட்ட மோனோவால் என்னும் மென்பொருள் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் அமைந்து, மிகச் சிறிய வன்பொருளிலும் ஓடியது. அதிலிருந்து 2004இல் பிஎஃப்சென்ஸ் கிளைத்தது. பிஎஃப்சென்ஸிலிருந்து 2015 தொடக்கத்தில் ஓபிஎன்சென்ஸ் கிளைத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் மோனோவால் முறையாக நிறுத்தப்பட்டது. வன்பொருள் பக்கத்தில் சுவிட்சர்லாந்தின் பிசி எஞ்சின்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஆலிக்ஸ், ஏபியூ ஆகிய ஆறங்குலச் சதுரப் பலகைகள் உலகெங்கும் இந்தப் பணிக்குப் பெயர்பெற்றன. அவற்றின் தயாரிப்பு முடிவுக்கு வருவதாக 2023இல் அறிவிக்கப்பட்ட பிறகும் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடுகிற பெட்டியை யாரும் தொடுவதில்லை, மென்பொருளை மேம்படுத்தும் நாள் வரும் வரையில்.

மேம்படுத்தாமலே இருந்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தீயரணில் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் வெளியே அறிவிக்கப்பட்ட கணம் முதல் எல்லோருக்கும் தெரிந்த ஓட்டையாகிவிடுவதால், அடைக்காமல் விடப்பட்ட காவல் பெட்டி காவல் என்ற பெயருக்கே தகுதி இழக்கிறது. மேம்படுத்தத்தான் வேண்டும். கேள்வி, மேம்படுத்திய பெட்டி மீண்டும் எழாவிட்டால் என்ன செய்வது என்பதுதான். கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தள்ளி, அடுக்கடுக்கான பூண்டு வயல்களுக்கு நடுவே இருக்கும் பூம்பாறை போன்ற ஊரில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். சென்னையில் பெட்டி நின்றுபோனால் மாலைக்குள் ரிச்சி தெருவில் மாற்றுப் பெட்டி வாங்கிவிடலாம்; பூம்பாறையில் நின்றுபோனால், விவரம் தெரிந்தவரோ மாற்றுப் பெட்டியோ மதுரையிலிருந்து 120 கிலோமீட்டருக்கு மேல் மலையேறி வரவேண்டியிருக்கும். அதைவிட முக்கியமாக, தொலைவிலிருந்து இணையம் வழியே பெட்டியைச் சரிசெய்ய வந்த பொறியாளருக்கு இருந்த ஒரே பாதையும் அந்தப் பெட்டிதான். அது எழாதபோது பாலத்தின் மேல் நின்றுகொண்டு பாலத்தைப் பிரித்தவரின் நிலை அவருக்கு ஏற்படுகிறது.

பெட்டி ஏன் எழவில்லை என்று அறிய, எழுவது என்றால் என்ன என்பதை முதலில் பார்க்கவேண்டும். மின்சாரம் பாய்ந்த கணத்தில் செயலிக்கு எதுவும் தெரியாது. வலையமைப்பு என்றால் என்ன, கோப்பு என்றால் என்ன, வட்டு எங்கே இருக்கிறது என்ற எதுவும் தெரியாது. அது அறிந்ததெல்லாம் ஒரு குறிப்பிட்ட நினைவக முகவரியிலிருந்து கட்டளைகளைப் படிக்கத் தொடங்கவேண்டும் என்பது மட்டுமே. அந்த முகவரியில் பலகையோடு ஒட்டிய ஒரு சிறு சில்லில் ஃபர்ம்வேர் என்னும் நிலைபொருள் இருக்கிறது. அது நினைவகத்தையும் கடிகாரத்தையும் சோதித்து, சேமிப்பகத்தின் முதல் துண்டைத் தேடிப் படித்து, பொறுப்பை லோடர் என்னும் ஏற்றியிடம் ஒப்படைக்கிறது. ஏற்றி, இயங்குதளத்தின் கருவான கர்னலைச் சேமிப்பகத்திலிருந்து எடுத்து நினைவகத்தில் வைத்து, அதனிடம் பொறுப்பைத் தருகிறது. கர்னல் வன்பொருள்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, மூலக் கோப்பு முறைமையைப் பொருத்துகிறது. அதன் பிறகே தீயரண் நிரல் தனது அமைப்புக் கோப்பைப் படித்து, வலையிணைப்புகளைத் திறந்து, விதிகளை ஏற்றிக் காவலுக்கு நிற்கிறது. தொடரோட்டத்தில் கோல் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போவதுபோல இது ஒரு கைமாற்றத் தொடர். எந்தக் கையில் கோல் நழுவியது என்று கண்டால் கோளாறில் பாதி தீர்ந்தது.

ஆகவே பெட்டி எழவில்லை என்று சொல்லப்படும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி, அது உண்மையிலேயே எழவில்லையா அல்லது எழுந்தும் பேசவில்லையா என்பது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் பெட்டியைத் துடைத்து மறுநிறுவல் செய்தவர்கள் ஏராளம். தேவையற்ற அந்த அவசரத்தில் சரியாக இருந்த அமைப்புகளும் அழிந்துபோகின்றன. வலைத்துளையின் சிறு விளக்கு எரிகிறதா, உள்வலையில் உள்ள மடிக்கணினிக்கு முகவரி கிடைக்கிறதா என்று ஐந்து நிமிடம் பார்ப்பது இந்த நிலையில் எந்தக் கருவியை விடவும் பயனுள்ளது. மேம்படுத்தலுக்குப் பின் முதல் தொடக்கம் வழக்கத்தைவிட மிக நீண்டது என்பதையும் மறக்கக்கூடாது. தொகுப்புகளைப் பிரித்து எழுதும் வேலை மெதுவான சேமிப்பகத்தில் கால் மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம், அதற்குள் பொறுமை இழந்து மின்கம்பியைப் பிடுங்குகிறவர் இல்லாத கோளாறை உருவாக்கிவிடுகிறார்.

இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் திரை பொருத்தும் துளையே கிடையாது. அவற்றின் வாய், சீரியல் கன்சோல் என்னும் தொடர்வரிசை முனையம். ஒன்பது ஊசிகள் கொண்ட பழைய வகைத் துளையில் ஒரு கம்பியைச் செருகி, மறுமுனையை யூஎஸ்பி மாற்றி வழியே மடிக்கணினியில் இணைத்தால், பெட்டி தனது தொடக்கத்தை வரி வரியாகச் சொல்லக் கேட்கலாம். இந்தப் பேச்சுக்கு ஒரு வேகம் உண்டு. பாட் வேகம் என்று அதைக் குறிப்பர். நொடிக்கு 9,600 துணுக்குகள் (பிட்) என்ற வேகத்தில் ஒரு துணுக்கு ஏறத்தாழ 104 மைக்ரோநொடி நீடிக்கிறது. 1,15,200 என்ற வேகத்தில் அது 9 மைக்ரோநொடிக்கும் குறைவு. பேசுபவர் விரைவு வேகத்திலும் கேட்பவர் மெது வேகத்திலும் இருந்தால், கேட்பவர் ஒரு துணுக்கு என எண்ணும் நேரத்தில் பன்னிரண்டு துணுக்குகள் கடந்துபோய்விடும். திரையில் பொருளற்ற குறிகள் கொட்டும், சில வேளை எதுவுமே தோன்றாது. ஆலிக்ஸ் பலகையின் நிலைபொருள் 38,400 வேகத்தில் பேசும் வழக்கமுடையது. பிஎஃப்சென்ஸ் நெடுங்காலம் 9,600 வேகத்தில் பேசியது. 2015 ஜனவரியில் வந்த 2.2 பதிப்பு இயல்பு வேகத்தை 1,15,200 ஆக உயர்த்தியது. அந்தப் பதிப்புக்கு மாறிய பெட்டியைப் பழைய வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, நன்றாக எழுந்து காவலுக்கு நின்ற பெட்டியும் பிதற்றுவதாகவே தோன்றியிருக்கும். எனவே மௌனத்தைச் சாவு என்று முடிவுகட்டும் முன் இந்த மூன்று வேகங்களிலும் காதுகொடுத்துப் பார்ப்பது அவசியம்.

முனையம் பேசத் தொடங்கிய பிறகு, மருத்துவர் நாடி பார்ப்பதுபோலப் பார்க்கவேண்டியது ஒன்றே: கடைசியாக வந்த வரி எது. அதற்கு முன் வந்த நூறு வரிகளும் வெற்றிகரமாக முடிந்த கைமாற்றங்கள். நின்ற வரிதான் நழுவிய கை. எதுவுமே வரவில்லை என்றால் ஐயம் மென்பொருளின் மேல் விழக்கூடாது, மின்வழங்கியின் மேல் விழவேண்டும். பழைய அடாப்டர் எந்தச் சுமையுமில்லாதபோது அளவுமானியில் சரியான 12 வோல்ட்டைக் காட்டும். செயலி முழு வேகத்தில் ஓடத் தொடங்கிய கணத்தில் அதன் மின்னழுத்தம் சரிந்து பெட்டி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். மாதக்கணக்கில் நிற்காமல் ஓடிய பெட்டி மேம்படுத்தலுக்காக ஒருமுறை நின்று எழும்போதுதான் இந்தப் பலவீனம் வெளிப்படுகிறது என்பதால், பழி பெரும்பாலும் புதிய பதிப்பின் மேல் போடப்படுகிறது. வேறொரு நல்ல அடாப்டரை மாற்றிப் பார்ப்பதே இதற்குச் சோதனை.

ஏற்றி பேசிவிட்டுக் கர்னலின் வாசலில் நின்றுவிடுவது வேறு வகை. ஆலிக்ஸ் பலகையின் ஜியோட் செயலி 32 துணுக்குச் செயலி. 2017 அக்டோபரில் வெளிவந்த பிஎஃப்சென்ஸ் 2.4, 64 துணுக்குச் செயலிகளுக்கு மட்டுமே உரியது. அந்தக் கர்னலை இந்தச் செயலியிடம் தந்தால், அறியாத மொழியில் எழுதிய கடிதத்தைக் கையில் வைத்திருப்பவரைப் போல அது நிற்கும். 64 துணுக்கு இயக்கமான நீள்முறையைச் செயலி ஆதரிக்கவில்லை என்ற பொருள்படும் ஒற்றை வரியோடு கதை முடியும். இதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது. வன்பொருளின் ஆயுள் முடிந்தது என்று ஏற்றுக்கொண்டு புதிய பெட்டி வாங்குவதே வழி. இத்தகைய செய்தியை வெளியீட்டுக் குறிப்பில் முன்கூட்டியே படிக்காமல் மலைமேல் இருக்கும் பெட்டியில் கைவைப்பது மன்னிக்கத்தக்க தவறு அல்ல.

மிகுதியாகக் காணப்படுவதும், அறிந்தவருக்கு மிக எளிதாகத் தீர்வதுமான கோளாறு மூன்றாவது கைமாற்றத்தில் நிகழ்கிறது. கர்னல் எழுந்துவிட்டது, ஆனால் மூலக் கோப்பு முறைமை எங்கே என்று தெரியாமல் 'மவுண்ட்ரூட்' என்ற சொல்லையும் ஒரு கோணக்குறியையும் காட்டி, பதிலுக்குக் காத்திருக்கிறது. இதன் காரணம் பெரும்பாலும் பெயர் மாற்றம். ஃப்ரீபிஎஸ்டி 9ஆம் பதிப்பில் வட்டுகளைக் கையாளும் இயக்கி மாறியபோது, அதுவரை ஏடி0 என்று அழைக்கப்பட்ட வட்டு ஏடிஏ0 என்ற பெயரைப் பெற்றது. வட்டு மாறவில்லை, அதில் இருந்த ஒரு கோப்பும் மாறவில்லை, ஆனால் எந்த வட்டைப் பொருத்தவேண்டும் என்று எழுதி வைத்திருந்த அட்டவணையில் பழைய பெயரே இருந்தது. வீடு அதே இடத்தில் இருக்க, தெருவின் பெயர் மாறியதால் தபால்காரர் திரும்பிப் போவதற்கு இது ஒப்பானது. அந்த நிலையில் கேள்விக்குறி ஒன்றைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால், தனக்குத் தெரிந்த வட்டுகளின் பட்டியலைக் கர்னலே காட்டும். அதிலிருந்து சரியான பெயரைப் பார்த்துத் தட்டினால் பெட்டி எழுந்துவிடும். எழுந்த பின் அட்டவணையில் சாதனப் பெயருக்குப் பதிலாக, வட்டிலேயே எழுதப்படும் அடையாளச் சிட்டையின் பெயரைப் பதித்துவிட்டால் இனி இயக்கி எந்தப் பெயர் சூட்டினாலும் கவலையில்லை.

பட்டியலில் வட்டே காணப்படவில்லை என்றால், அது இல்லாமல் போகவில்லை, தாமதமாக வருகிறது என்று கருத இடமுண்டு. யூஎஸ்பி வழியே இணைந்த சேமிப்பகங்கள் கண்விழிக்கச் சில நொடிகள் எடுத்துக்கொள்கின்றன. புதிய கர்னல் பழையதைவிட விரைவாக அந்தக் கட்டத்தை அடைந்துவிட்டால் வட்டு வருவதற்கு முன்பே தேடி முடித்துவிடுகிறது. தொடக்கத்தைப் பத்தாயிரம் மில்லிநொடி, அதாவது பத்து நொடி, தாமதிக்கும்படி ஏற்றிக்கு ஒரு வரி எழுதி வைப்பதே இதற்கு மருந்து.

கோப்பு முறைமை கிடைத்தும் அது சிதைந்திருந்தால் கதை வேறு. மேல்மலையில் இது அரிதான நிகழ்வு அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது அங்கே வழக்கம், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைக் கடந்து வந்தபோது கொடைக்கானல் மலையிலும் மரங்கள் சாய்ந்து மின்சாரம் தடைபட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், கோப்பின் உள்ளடக்கம் ஒன்றாகவும் அதைப் பற்றிய குறிப்பேடு வேறாகவும் நின்றுவிடும். அப்போது மிகக் குறைந்த பணிகளை மட்டும் தொடங்கும் ஒற்றைப் பயனர் நிலையில் பெட்டியை எழுப்பி, கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே என்னும் கட்டளையை ஓட்டவேண்டும்; ஒருமுறை ஓட்டி, பிழையில்லை என்று அது சொன்ன பிறகும் நான்கைந்து முறை மீண்டும் ஓட்டுவதே அனுபவமுள்ளவர்களின் நடைமுறை, ஏனெனில் ஒரு பிழையைத் திருத்தும்போது அதன் பின்னால் மறைந்திருந்த இன்னொன்று வெளிப்படுவதுண்டு.

இறுதியாக, எல்லாம் எழுந்தும் வாசலில் நிற்கும் ஒரு நிலை உண்டு. அமைப்புக் கோப்பில் எழுதியுள்ள வலையிணைப்பின் பெயரும் கர்னல் கண்ட பெயரும் பொருந்தாதபோது, எது உள்வலை, எது வெளிவலை என்று தீயரண் மனிதரைக் கேட்டுக் காத்திருக்கும். தவறாக ஊகித்து உள்வாசலை வெளியாருக்குத் திறந்துவிடுவதைவிட நின்று கேட்பது மேல் என்பதால், இதைக் கோளாறு என்று சொல்வதைவிட எச்சரிக்கை என்று சொல்வதே நியாயம்.

தொலைவிலிருந்து ஒரு கணினியை எழுப்ப மனிதர் பட்ட பாடுகளில் தலையாயது பூமிக்கு வெளியே நிகழ்ந்தது. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, இறங்கிய மூன்றாம் வாரத்தில் திடீரென ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தி, மீண்டும் மீண்டும் தன்னைத் தானே தொடங்கிக்கொண்டே இருந்தது. அதன் ஃப்ளாஷ் நினைவகத்தில் கோப்புகள் பெருகி, அவற்றைப் பொருத்த முயன்ற ஒவ்வொரு முறையும் வேலைநினைவகம் போதாமல் அது விழுந்தது. விழுந்ததால் மீண்டும் தொடங்கியது. ஃப்ளாஷைத் தொடாமலே எழும்படி பொறியாளர்கள் அதற்குக் கட்டளை அனுப்பினார்கள். அப்படிப் பாதி எழுந்த நிலையில் தேவையற்ற கோப்புகளை நீக்கி, பின்னர் அதை முழுமையாக எழுப்பினார்கள். ஒற்றைப் பயனர் நிலையில் எஃப்எஸ்சிகே ஓட்டுவதும் இதே கொள்கைதான்: நோயுற்ற உறுப்பைத் தொடாமல் எழுகிற ஒரு குறைந்தபட்ச வழி இருக்குமானால், மீதியைப் பழுதுபார்க்கலாம்.

அத்தகைய வழி எளிதில் எட்டாதபோது என்ன நேரும் என்பதை 2024 ஜூலை 19 உலகுக்குக் காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு இந்திய நேரம் காலை 9.39க்கு வந்த ஒரு சிறு கோப்பு, விண்டோஸ் கணினிகளைத் தொடக்கத்திலேயே விழவைத்தது. 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 85 லட்சம் கணினிகளில் பெரும்பாலானவை இணையத்தை எட்டும் அளவுக்குக்கூட எழ முடியாததால், திருத்தத்தைப் பெற அவற்றுக்கு வழியில்லை. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மனிதர் போய் நிற்கவேண்டியிருந்தது. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் விமானமேறும் சீட்டுகள் (போர்டிங் பாஸ்) அன்று கையால் எழுதித் தரப்பட்டன.

இந்த அனுபவங்களை முன்பே உணர்ந்தவர்களாகவே சிறுபெட்டித் தீயரணை வடிவமைத்தவர்கள் தோன்றுகிறார்கள். பிஎஃப்சென்ஸின் பழைய நானோபிஎஸ்டி வடிவத்தில் சேமிப்பு அட்டை இரண்டு சமத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, இரண்டிலும் இயங்குதளம் வைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் துண்டைத் தொடாமல் மற்றதில் புதிய பதிப்பு எழுதப்படும், புதியது எழாவிட்டால் தொடக்கத்தில் எஃப்1 அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பழையதற்குத் திரும்பலாம். 2.4 பதிப்போடு அந்த வடிவம் கைவிடப்பட்டது. அதன் இடத்தை இன்று இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை இன்னும் நேர்த்தியாக நிரப்புகிறது: அது பழைய தரவின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதும் இயல்புடையதால், மேம்படுத்தலுக்கு முந்தைய நிலையை அப்படியே நிறுத்திவைக்க முடிகிறது, அந்த நிலைக்குப் பூட் சூழல் என்று பெயர். ஏற்றியின் பட்டியலில் முந்தைய சூழலைத் தேர்ந்தால் பெட்டி நேற்றைய நிலையில் எழும். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இசட்எஃப்எஸ் தொகுதியின் வடிவத்தைப் புதுப்பித்துவிட்டு, தனிப் பகிர்வில் வாழும் ஏற்றியைப் பழையதாகவே விட்டுவிட்டால், அந்த ஏற்றியால் புதிய வடிவத்தைப் படிக்க இயலாது. முந்தைய சூழலும் அதே தொகுதிக்குள் இருப்பதால் திரும்பும் வழியும் சேர்ந்தே அடைபடும். ஏற்றியை முதலில் புதுப்பிக்காமல் தொகுதியைத் தொடக்கூடாது.

இவை எதுவும் பலிக்காதபோது மறுநிறுவல் எஞ்சுகிறது. அது அஞ்சத்தக்கதும் அல்ல, ஒரு நிபந்தனை நிறைவேறியிருந்தால். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டிலும் தீயரணின் விதிகள், முகவரிகள், கடவுச்சொற்கள், விபிஎன் என்னும் தனிவழி இணைப்புகள் அனைத்தும் ஒரே ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் அடங்கியிருக்கின்றன. மேம்படுத்தலுக்கு முன் அந்தக் கோப்பின் நகலை வெளியே எடுத்து வைத்தவருக்கு, புதிய பெட்டியில் நிறுவி நகலை ஏற்றிப் பழைய நிலைக்கு வர ஒரு மணி நேரம் போதும். எடுத்து வைக்காதவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த விதிகளை நினைவிலிருந்து எழுதவேண்டும். அந்த நகல் மதுரையிலோ சென்னையிலோ எங்கேனும் பாதுகாப்பாக இருக்கலாம். ஆனால் ஒன்பது ஊசிக் கம்பியும், அதற்கான யூஎஸ்பி மாற்றியும், பேச்சு வேகத்தை எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் பூம்பாறையில், பெட்டி இருக்கும் அதே அலமாரியில் இருக்கவேண்டும்.